ஒன்பது பூச்சு

தேங்காய் மட்டையின் நுனியை நசுக்கிச் செய்த தூரிகை ரப்பர் பாலில் முங்கி எழுந்தது. இடது கை களிமண் அச்சைக் குச்சியோடு பிடித்து மெல்லச் சுழற்றியது. வலது கை மேலிருந்து கீழாக, ஒரே போக்கில், எங்கும் நிற்காமல் இழுத்தது. நின்றால் அந்த இடத்தில் பால் தடித்துவிடும். தடித்த இடம் பிறகு தோலை அறுக்கும். ஒரு சுற்று முடிந்ததும் கைகள் அச்சை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தன. ஓர் ஓரத்தில் கடுகளவு குமிழ் தெரிந்தது. எலுமிச்சை முள்ளால் அதைக் குத்தி, சுண்டுவிரலைத் தண்ணீரில் நனைத்துத் தடவிச் சமன் செய்த பிறகுதான் அச்சு அடுப்புக்கு மேலே, புகை மட்டும் படும் உயரத்தில், தலைகீழாகத் தொங்கியது.

வெள்ளையாக இருக்கும் பால் தேன் நிறத்துக்கு மாற ஒரு முழுப் பகல் வேண்டும். மாறுவதற்கு முன்னால் அடுத்த பூச்சைப் பூசினால் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். ஒரே மாதத்தில் நாற்றமெடுத்து ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். இது நான்காவது பூச்சு. மொத்தம் ஒன்பது.

அந்தக் கைகளுக்கு உரியவள் பெயர் அஞ்சலை. வயது முப்பத்தொன்று. மலாக்காவிலிருந்து பதினோரு கல் தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பாலுக்கு மரம் வெட்டி, அங்கேயே அப்பாசாமிக்கு வாழ்க்கைப்பட்டவள். பிள்ளை இல்லை. பதினோரு கல் என்பது விடியலில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் நடந்துவிடும் தூரம்தான். ஆனாலும் ஜப்பான்காரன் வந்து மூன்றாம் வருடத்து மழைக்காலம் வரை அவள் மலாக்கா பட்டணத்தைப் பார்த்ததில்லை. அங்கே அவளுக்கு வேலை எதுவும் இருந்ததில்லை.

வேலை வந்தது ஒரு மாட்டுவண்டிக்காரர் வாயால். தோட்டத்துக்கு மரவள்ளிக் கிழங்கு ஏற்ற வந்தவர் சொன்னார்: "உங்க கிராணி சயாம்லேருந்து திரும்பி வந்துட்டாரு. ஒத்தக் காலோட மலாக்காவுல காஜா பெராங்ல கெடக்காரு, கோயில் பக்கத்துல."

போன வருடம் சித்திரையில் அந்தத் தோட்டத்திலிருந்து பத்தொன்பது பேரைச் சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிப் போனார்கள். பெயர்களை எழுதிக் கொடுத்தவர் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பொன்னுதுரை. பதினெட்டுப் பெயர் எழுதிவிட்டு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு யோசித்து, பிள்ளைகுட்டி இல்லாதவன் என்று அப்பாசாமியைப் பத்தொன்பதாவதாக எழுதினார். எழுத்து வேலைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று கடைசி நேரத்தில் அவரையும் அதே லாரியில் ஏற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒருவரைப் பற்றியும் அஞ்சலையின் காதுக்கு ஒரு சொல் வரவில்லை.

அஞ்சலைக்குத் தெரிந்தாக வேண்டியது ஒன்றுதான். தீபாவளிக்கு முதல் நாள் இறந்தவர்களுக்குப் படையல் போடுவது, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் வழக்கம். அப்பாசாமிக்கு இலை போடுவதா, வேண்டாமா? உயிரோடு இருப்பவனுக்கு இலை போட்டால் அவன் ஆயுளை நம் கையாலேயே முடித்த மாதிரி என்று லயத்தில் பாதிப் பேர் சொன்னார்கள். செத்தவனுக்கு இலை போடாவிட்டால் அவன் பதினைந்து நாள் நடந்து வந்து, வாசலில் நின்று, பசியோடு திரும்பிப் போவான் என்றார்கள் மீதிப் பேர். போன தீபாவளிக்கு அஞ்சலை இலை போடவில்லை. அன்று முழுவதும் வாசல் பக்கம் திரும்பவே அவளுக்குப் பயமாக இருந்தது. இந்த வருடம் தெரிந்துகொண்டுதான் இலையில் கை வைப்பது என்று முடிவு செய்தாள். தீபாவளிக்கு அப்போது இருபது நாள் இருந்தது.

ஒரு துணி மூட்டையில் அவித்த கிழங்கையும் மாற்றுச் சேலையையும் பால் வெட்டும் உளியையும் கட்டிக்கொண்டு கிளம்பினாள். உளியை லயத்தில் விட்டுவிட்டு வந்தால் திரும்பும்போது இருக்காது, அப்படிப்பட்ட காலம்.

பட்டணம் அவள் நினைத்திருந்த மாதிரி இல்லை. ஆற்றுப் பாலத்தில் துப்பாக்கியோடு ஒரு ஜப்பான் சிப்பாய் நின்றான். அவளுக்கு முன்னால் போன சீனக் கிழவி குனிந்து கும்பிட்டது அவனுக்குப் போதவில்லை. கன்னத்தில் ஓர் அறை விட்டான். கிழவியின் கூடை உருண்டது. அதிலிருந்து சிதறிய கீரையை யாரும் குனிந்து எடுக்கவில்லை. அஞ்சலை தன் முழங்கால் தெரியும்வரை குனிந்தாள். நிமிர்ந்தபோது எதிரே சிவப்புச் சிவப்பாகக் கட்டடங்கள், அவற்றின் மேலே ஜப்பான் கொடி, அதற்குப் பின்னால் ஒரு சின்ன மலை. மலை உச்சியில் கூரை இல்லாத பெரிய சுவர் ஒன்று மழை மேகத்தில் நின்றது. அதையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்தாள். கோயில் எங்கே என்று கேட்டுக் கேட்டுப் போய், துக்காங் எமாஸ் தெருவில் ஒரு பிள்ளையார் கோயிலுக்கு வந்து சேர்ந்தாள். நாலு வீடு தள்ளிப் பள்ளிவாசல். இடையில் ஒரு மளிகைக் கடை. பெட்டிகள் எல்லாம் காலியாக இருந்தன. கடைக்காரர் ஷரீஃபுதீன் காலிப் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மலை மேல இருக்குற கட்டடத்துல குண்டு விழுந்துருச்சா பாய்?" என்று கேட்டாள் அஞ்சலை.

"எது, கூரை இல்லாம நிக்கிதே, அதுவா? அது எங்க பாட்டன் பொறக்குறதுக்கு முந்தியே அப்படித்தான் தங்கச்சி. ஜப்பான்காரன் தலையில ஏத்துறதுக்கு வேற நெறைய இருக்கு." சொல்லிவிட்டுத் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். "தோட்டத்து ஆளா? யாரைத் தேடுறே?"

"எங்க கிராணி. காஜா பெராங்ல, கோயில் பக்கம்னாங்க."

"அது வேற கோயிலு. தெங்கேரா ரோட்டுல போயிடாதே, அதுக்கு முன்னாலயே வலது கைப் பக்கம் பிரியும். அங்க செட்டி வீடுங்க இருக்கும். திருநீறு பூசியிருப்பாங்க, மாவிலை கட்டியிருப்பாங்க, ஆனா தமிழ் வராது. மலாய்தான். நீ பாட்டுக்கு ஏசுறாங்கன்னு நெனச்சுக்கிட்டு அழுதுறாதே."

அவர் சொன்னபடியே இருந்தது. மாவிலை கட்டிய ஒரு மரவீட்டு வாசலில் கெபாயா சட்டையும் கைலியும் அணிந்த ஒரு பெண் நின்றாள். நெற்றி நிறையத் திருநீறு. பெயர் தைவானை. தெருவில் எல்லாரும் அம்மா என்ற பொருளில் 'மக் தைவானை' என்றார்கள். "மாரி, மாரி" என்று மலாயில் வா வா என உள்ளே கூப்பிட்டாள். பொன்னுதுரை ஆங்கிலப் பள்ளியில் படித்த காலத்தில் அந்த வீட்டில் தங்கிச் சாப்பிட்டவர். அந்தப் பழக்கத்துக்காகப் பின்கட்டில் ஓர் அறை கொடுத்திருந்தாள்.

பலகைக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவரை அஞ்சலைக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் தொப்பி போட்டு நின்று பெயர் கூப்பிட்ட மனிதரில் பாதிதான் இருந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே ஒரு சாணோடு முடிந்திருந்தது.

"அப்பாசாமி பொஞ்சாதியா? ஏன் அழுறே? உசுரோட இருக்கான். நல்லாத்தான் இருக்கான். பர்மா பக்கம் மாத்திட்டாங்க. சண்டை முடிஞ்சா மொத ஆளா வந்துருவான் பாரு."

அஞ்சலை தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எழுந்து அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். லயத்தில் யாரிடமும் மூச்சு விடாதே, ஜப்பான்காரன் காதுக்குப் போனால் ஆபத்து என்று அவர் வாயில் விரலை வைத்துக் காட்டினார். மறுநாள் விடியலில் தோட்டத்துக்குத் திரும்புவது என்று இருந்தாள். சும்மா இருக்க வேண்டாமே என்று சாயங்காலம் மக் தைவானையோடு சேர்ந்து கிழங்குத் தோல் சீவினாள்.

மக் தைவானை மலாயில் பேசினாள். அஞ்சலைக்குத் தோட்டத்துச் சந்தையில் கற்ற மலாய் போதுமானதாக இருந்தது.

"நீ ஒன்பதாவது," என்றாள் மக்.

"என்ன ஒன்பது?"

"உன் தோட்டத்திலிருந்து வந்த பெண்கள். ஒவ்வொருத்தியாக வந்தாள். எல்லாரும் வாயில் விரலை வைத்துத் தலையாட்டிவிட்டுச் சந்தோஷமாகத்தான் போனார்கள். எல்லாருடைய புருஷனும் பர்மா பக்கம்தான். எல்லாரும் முதல் ஆளாக வரப்போகிறார்கள்." மக் சீவிய கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். "இத்தனை பேர் எப்படி முதல் ஆளாக வருவார்கள்? எனக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்த மூன்று வாக்கியம் இப்போது எனக்கே மனப்பாடம்."

அஞ்சலை மறுநாள் விடியலில் திரும்பவில்லை. அதற்கு அடுத்த நாளும் திரும்பவில்லை.

தங்குவதற்கு ஒரு காரணம் அவள் கண்ணெதிரிலேயே இருந்தது. தெங்கேராவில் ஒரு சீனத் தச்சர் பொன்னுதுரைக்குக் கட்டைக்கால் செய்து கொடுத்திருந்தார். நல்ல வேலைப்பாடு. ஆனால் காலை உள்ளே விடும் கிண்ணம் வெறும் மரம். துணியைச் சுற்றி மாட்டினாலும் பத்து அடி நடப்பதற்குள் புண் வாய் திறந்துவிடும். அவர் கட்டிலும் வாசலுமாகக் கிடந்தார்.

"இதுக்குள்ள ரப்பர் வைக்கணும் ஐயா. தோல் மாதிரி மெலிசா," என்றாள் அஞ்சலை.

"யாரு செய்வா?"

"நான்."

"வெட்டுக்காரி டாக்டராயிட்டா. எத்தனை நாளு?"

"அதைப் பால்தான் சொல்லணும்."

அவள் சும்மா சொல்லவில்லை. கடைகளில் சப்பாத்து இல்லாமல் போன பிறகு, தோட்டத்தில் களிமண்ணில் பாதம் பிடித்து அதன்மேல் பால் பூசிச் சப்பாத்துச் செய்ய முயன்றவள் அவள். முதல் ஐந்து ஜோடி ஒட்டிக்கொண்டு கிழிந்தன. ஆறாவது நின்றது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து பாலோடு பழகியதால், அது எப்போது திரியும், எப்போது ஒட்டும், எதற்குக் கோபிக்கும் என்பது தெரியும். அவ்வளவுதான்.

தென்னோலைக் கீற்றைக் கிழித்து, புண்ணைத் தொடாமல், காலை நாலு இடத்தில் சுற்றி முடிச்சுப் போட்டு அளவெடுத்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வலிக்குதா ஐயா?"

"இல்ல. கூச்சம்."

"பேரு எழுதுறப்ப இந்தக் கூச்சம் எங்க போச்சு?"

அவர் சட்டென்று திரும்பினார். "காலுக்குப் பதிலாக் கையை வெட்டியிருக்கலாம்னு சொல்றியா?"

"நான் ஒண்ணும் சொல்லல. காலை ஆட்டாதீங்க, முடிச்சு நழுவுது."

பாலுக்குப் புக்கிட் பாருவுக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே ஆளில்லாமல் காடடித்துக் கிடந்த ரப்பர் மரங்கள் இருந்தன. விடிவதற்கு முன்னால் போய், உளியால் பட்டையைச் சீவி, சிரட்டையில் பால் பிடித்து, ஒரு தகரக் குவளையில் வடிகட்டி எடுத்துக்கொண்டு, அது திரிவதற்குள் காஜா பெராங்குக்கு ஓட்டமும் நடையுமாக வந்துவிட வேண்டும். திரியாமல் வைக்கும் மருந்து ஜப்பான்காரன் வந்ததோடு நின்றுபோயிருந்தது. திரும்பும் வழியில் அந்தக் கூரையில்லாத மலை தூரத்தில் தெரியும். இரண்டாம் நாளிலிருந்து அதைப் பார்க்க அவளுக்கு நேரம் இருக்கவில்லை.

முதல் அச்சு வீணானது. களிமண்ணைப் பிடித்துக் காயவைத்து, சாம்பல் தடவி, மூன்று பூச்சுப் பூசி, கழற்றிக் காலில் மாட்டிப் பார்த்தாள். காலை நேரம் அது. உறை போல் உட்கார்ந்தது.

"அட, சரியாத்தான் இருக்கு," என்றார் பொன்னுதுரை. குரலில் முதல்முறையாக ஒரு தெம்பு. "இது போதும் அஞ்சலை. இதுக்கு மேலயே பூசு."

"சாயங்காலம் ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்றேன்."

சாயங்காலம் அது உள்ளே போகவில்லை. படுத்து எழுந்த காலை அளந்திருந்தாள். தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும் கால் பொழுதுசாயும்போது விரல் தடிப்பு வீங்கும் என்பதை மறந்துவிட்டாள். மரத்தையும் விடியலில் ஒரு மாதிரி, உச்சியில் ஒரு மாதிரி பார்த்துப் பழகியவள் அதை மறந்திருக்கக் கூடாது. யாரும் திட்டாததால் தன்னையே திட்டிக்கொண்டு அச்சை உடைத்தாள். மூன்று பூச்சு ரப்பரைக் கீற்றாக அறுத்து, ஆட்டம் கண்டிருந்த கோழிக்கூட்டுக் கதவுக்குக் கட்ட மக் தைவானையிடம் கொடுத்தாள். மறுபடி களிமண் குழைத்தாள். இந்த முறை காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று வேளையும் அளந்து, புண் இருக்கும் இடத்தில் கொஞ்சம் பள்ளம் விட்டுப் பிடித்தாள்.

அதற்குள் எட்டு நாள் போய்விட்டது. இரண்டாவது அச்சில் நான்காவது பூச்சு முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. மழையில் மரம் வெட்ட முடியாது. பட்டை நனைந்தால் பால் சீவிய கோட்டில் இறங்காமல் வழிந்து தண்ணீரோடு போய்விடும். மூன்று நாள் அஞ்சலை ஈரமட்டையால் புகை போட்டு, அச்சில் பூசணம் பிடிக்காமல் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொன்னுதுரை கட்டிலில் இருந்தார். பேசுவதைத் தவிர வேலையில்லை.

அவர் நிறையப் பேசினார். அங்கே மழை இதைவிடக் கொடுமை என்றார். மூங்கில் கீறிய சின்னக் காயம் மூன்றே நாளில் எலும்பு தெரியப் புரையோடும் என்றார். புண்ணைக் கரண்டியால் சுரண்டுவார்களாம். கடைசியில் மரம் அறுக்கும் வாளால் காலை எடுத்தார்களாம். இதையெல்லாம் ஒளிக்காமல் சொன்னார். ஒரே ஒரு இடம் வந்தால் மட்டும் பேச்சு மாறும்.

"அவரு எந்தக் கொட்டாயில இருந்தாரு?"

"நல்லாத்தான் இருந்தான்."

"எந்தக் கொட்டாயின்னு கேட்டேன்."

"அதான் பர்மா பக்கம் மாத்திட்டாங்கன்னேன்ல."

"நீங்க கால் எடுத்துப் படுத்திருந்தப்ப வந்து பார்த்தாரா?"

"சண்டை முடியட்டும் அஞ்சலை. மொத ஆளா வந்துருவான்."

மக் தைவானை உள்ளேயிருந்து அந்தக் கடைசி வாக்கியத்தைத் தமிழிலேயே கூடச் சேர்ந்து சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். மற்ற இருவரும் சிரிக்கவில்லை.

மழை விட்டது. ஐந்தாவது பூச்சுக்கு மேல் பழைய வேட்டித் துணியில் ஒரு பட்டையைச் சுருக்கமில்லாமல் சுற்றி, அதை மறைத்து ஆறாவது பூசினாள். அதன் பிறகு ஏழு. தீபாவளிக்கு முதல் நாள் காலையில் எட்டாவதும் பூசி அச்சைத் தொங்கவிட்டாள். அப்போதும் அவளுக்கு இலை போடுவதா, வேண்டாமா என்று தெரியவில்லை. இன்னும் சில மணி நேரத்தில் பொழுது சாய்ந்துவிடும். போன வருடம் மாதிரியே இந்த வருடமும் போய்விடும் போலிருந்தது.

மக் தைவானை படையலுக்கு இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒளித்து வைத்திருந்த ஒரு குவளை அரிசியைத் தேங்காய்ப்பால் விட்டு வேகவைத்திருந்தாள். மற்றதெல்லாம் கிழங்கு. அந்த வீட்டு வழக்கப்படி, கூரைக்குக் கீழே யார் இருந்தாலும் அவரவர் இறந்தவர்களுக்கு விருப்பமானது என்ன என்று கேட்டு, ஒரு துளியாவது இலையில் வைத்துவிட வேண்டும். வாசற்படியில் நின்றுகொண்டு பொன்னுதுரையைக் கேட்டாள். அவர் அப்பாவுக்கு மட்டும் ஏதாவது சொல்வார் என்று நினைத்திருந்தாள்.

அவர் தரையைப் பார்த்தார். பிறகு மலாயில் மெதுவாகச் சொன்னார். "ஒரே இலை போதும். ஒருத்தருக்கு ஒன்று, கொஞ்சம் கொஞ்சமாக. நெத்திலிக் கருவாடு வறுத்தது. தேங்காய்ச் சில்லு ஒன்று. புகையிலை கிடைத்தால் ஒரு கிள்ளு. இஞ்சித் தண்ணீர். அவித்த முட்டையில் பாதி." கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "ஒரு கிண்ணம் வரக்காப்பி. சீனி வேண்டாம். உப்பு."

"காப்பிக்கு உப்பா? யார் குடிப்பார்கள்?"

"குடிப்பான் ஒருத்தன்."

அடுப்படியில் மட்டையைத் திருப்பிக்கொண்டிருந்த அஞ்சலையின் கை அப்படியே நின்றது. சீனி தாராளமாகக் கிடைத்த காலத்திலேயே அப்பாசாமி காப்பிக்கு உப்புத்தான் போடுவான். வெட்டி வேர்த்த உடம்புக்கு அதுதான் ஏற்றது என்பான். லயத்தில் அதற்காக அவனைக் கேலி செய்யாதவர்கள் கிடையாது. வேறு எந்த மனிதனும் அப்படிக் குடித்து அவள் கண்டதில்லை. கல்யாணமான புதிதில் அவனுக்காக ஒரு வாய் குடித்துப் பார்த்துத் துப்பியிருக்கிறாள்.

மட்டையை வைத்தாள். கையைக் கழுவினாள். சோளத்தைக் கருக வறுத்து இடித்த தூளில் மக் காப்பி போட்டு, உப்பு ஜாடியைத் திறந்துகொண்டிருந்தாள்.

"அளவு உங்களுக்குத் தெரியாது மக். நான் போடுறேன்," என்றாள் அஞ்சலை, தமிழிலேயே.

மக் தைவானைக்கு வார்த்தை புரியவில்லை. முகம் புரிந்தது. ஜாடியைக் கொடுத்துவிட்டு விலகினாள். கட்டிலில் பொன்னுதுரை இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

அஞ்சலை மூன்று விரலால் உப்பை எடுத்துப் போட்டு, கலக்கி, கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே அவர் முன்னால் வந்து நின்றாள்.

"எப்ப?"

"போன வருஷம் ஆடியில."

"என்னவா?"

"வாந்திபேதி. ரெண்டு நாளு."

"பக்கத்துல யாரு இருந்தா?"

"நான்தான்." கை முகத்தை விட்டு இறங்கவில்லை. "காப்பி கேட்டான். அங்க ஏது காப்பி. சுடுதண்ணியில உப்பைப் போட்டுக் குடுத்தேன். காப்பின்னு சொன்னேன்."

"நம்புனாரா?"

"குடிச்சான்."

வெளியே பக்கத்து வீட்டுக் கோழிகள் கத்தின. அஞ்சலை கிண்ணத்தை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள். சுட்டிருந்தது.

"எனக்கு முன்னால எட்டுப் பேரு வந்தாங்களே?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"ஒருத்தரு கூடவா உசுரோட இல்ல?"

"நான் வண்டி ஏறுறப்ப மூணு பேரு உசுரோட இருந்தாங்க. அந்த மூணு வீட்டுலேருந்து யாரும் வரல."

"ஏன் ஐயா இப்படிச் சொல்லி அனுப்புனீங்க? ஒவ்வொருத்தியும் உங்க கையைக் கண்ணுல ஒத்திக்கிட்டுப் போயிருக்கா. நானும்தான்."

"செத்துட்டான்னு ஒருத்திகிட்டச் சொன்னா, அவன் பேரை எழுதுனவன் நானு. உசுரோட இருக்கான்னு சொன்னா நான் வெறும் கிராணி." அவர் கைகளை முகத்திலிருந்து எடுத்தார். "ஒரு நாளைக்கு வெறும் கிராணியா இருக்கணும்னு தோணும் அஞ்சலை. வேற ஒண்ணும் இல்ல."

அஞ்சலை கிண்ணத்தோடு அடுப்படிக்குத் திரும்பினாள். மக் தைவானையிடம் தனியாக ஓர் இலை வாங்கினாள். பொன்னுதுரைக்கென்று போட்ட இலையில் காப்பியை வைக்காமல், அந்தத் தனி இலையில் வைத்தாள். பக்கத்தில் ஒரு பிடி தேங்காய்ப்பால் சோறு, ஒரு துண்டுக் கிழங்கு. கும்பிட்டுவிட்டு, இலைக்கு எதிரே காலை மடித்து உட்கார்ந்தாள். காப்பி ஆறி மேலே ஏடு படியும்வரை உட்கார்ந்திருந்தாள். அதன் பிறகுதான் அழுகை வந்தது. மக் தைவானை பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டாள்.

மறுநாள் விடியலில், தெருவில் நாலைந்து வீட்டில் விளக்கு எரிந்தபோது, அஞ்சலை உளியை எடுத்தாள்.

"இன்று தீபாவளி. உனக்கு இப்போது துக்கம் வேறு. எங்கே போகிறாய்?" என்று மறித்தாள் மக்.

"ஒரு பூச்சு பாக்கி," என்றாள் அஞ்சலை.

புக்கிட் பாருவில் பட்டை காய்ந்திருந்தது. பால் நன்றாக இறங்கியது. மர வரிசையில் வேறு யாரும் இல்லை. அவள் ஒவ்வொரு மரமாக நின்று, அவசரப்படாமல், பட்டை காயப்படாமல் சீவினாள். எட்டுப் பூச்சோடு விட்டால் விளிம்பு கிழியும். ஒரு வாரத்தில் அவர் பழையபடி கட்டிலுக்குப் போய்விடுவார். அது அவளுக்கு வேண்டாம்.

ஒன்பதாவது பூச்சு தேன் நிறத்துக்கு வந்த பிறகும் இரண்டு நாள் புகையில் விட்டாள். பிறகு அச்சைத் தரையில் சாய்த்து, ஒரு கல்லால் சுற்றிலும் மெல்லத் தட்டினாள். உள்ளே களிமண் நொறுங்கும் சத்தம் கேட்டது. கட்டிகளை விரலால் எடுத்து, மீதி மண்ணைத் தண்ணீர் விட்டுக் கரைத்துக் கொட்டினாள். உறையை உள்ளும் புறமும் கழுவி, நிழலில் காயவிட்டு, விளிம்பை உளியால் ஒரே வெட்டாகச் சுற்றி அறுத்தாள். உள்ளே சலித்த சாம்பலைத் தூவித் தட்டினாள். சாயங்காலம், கால் வீங்கியிருக்கும் நேரம் பார்த்து, மரக்கிண்ணத்துக்குள் வைத்து மாட்டச் சொன்னாள். பொன்னுதுரை எழுந்து நின்றார். வாசல் வரை போனார். தெரு முனை வரை போய்த் திரும்பி வந்தார். கழற்றிப் பார்த்தபோது புண் வாய் திறக்கவில்லை.

அஞ்சலை உறையை வாங்கித் துடைத்து, விளிம்பை மறுபடி ஒரு முறை விரலால் சுற்றித் தடவிப் பார்த்தாள். மூட்டை ஏற்கெனவே கட்டியிருந்தது. கழுத்தில் மஞ்சள் கயிறு இல்லை.

"நான் தோட்டத்துக்குப் போறேன் ஐயா. அந்த எட்டுப் பேரும் வந்து கேப்பாங்க. கிராணி ஐயா வர்றாரு, அவரே வந்து சொல்லுவாருன்னு சொல்லிடுறேன்."

அவர் முகம் வெளுத்தது. "நீயே சொல்லிரேன் அஞ்சலை. நீ போறேல்ல."

"நான் எழுதலையே ஐயா."

"அடிப்பாங்க."

"அடிக்கட்டும். நிக்கிறதுக்குக் கால் இருக்கு."

அவர் கழற்றி வைத்த கட்டைக்காலைப் பார்த்தார். மக் தைவானை வாசலில் நின்று இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பதினோரு கல்லு," என்றாள் அஞ்சலை. "மூணு கல்லுக்கு ஒருக்கக் கழட்டித் தொடைங்க. வெயில்ல வச்சிராதீங்க, ஒட்டிக்கும். எண்ணெய் படக் கூடாது. மாட்டுறதுக்கு முந்தி உள்ள சாம்பல் தூவணும், மறந்துராதீங்க."

பொன்னுதுரை இரண்டு கைகளையும் நீட்டினார். அஞ்சலை உறையை அந்தக் கைகளில் வைத்தாள்.